அரைஞாண் கொடியில் எர்த் கம்பி

2007-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ராமநாதபுரம். நல்ல வெயில், காற்று தெற்கிலிருந்து. காலையில் எழுந்ததும் நாட்காட்டித் தாளைக் கிழித்தேன். குடிதண்ணீர் வண்டிக்காரர் நிரப்பிவிட்டுப் போன குடங்களைச் சுவரோரம் வரிசையாக வைத்து மூடினேன். (மூடிகளின் பிடி எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.) உப்புக் காற்றில் துரு ஏறாமலிருக்க ஸ்கூட்டரை எண்ணெய்த் துணியால் துடைத்தேன். காபி குடித்தேன். நாட்குறிப்பைத் திறந்து அன்றைய பக்கத்தின் மேலே சிவப்பு மையில் எழுதினேன்: ‘இன்று ரேம்.’

அந்தப் பக்கம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அந்த இரண்டு சொற்களுக்குக் கீழே அன்று ஒன்றுமே எழுத முடியவில்லை.

ஒழுங்கான மனிதன் ஒரு காரியத்தைக் கெடுக்கும்போது அதையும் ஒழுங்காகவே கெடுப்பான். அவசரக்காரன் கெடுத்தால் பாதியில் யாராவது தடுத்துவிடலாம். திட்டம் போட்டு, படம் வரைந்து, துணி விரித்து உட்கார்ந்து கெடுக்கிறவனை யார் தடுப்பது? நான் நில அளவைப் பிரிவில் வரைவாளனாக இருந்தவன். வயலின் வரப்பு ஒரு மயிரிழை கோணினாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவன் கையில் ஒரு கணினியையும் ஒரு திருப்புளியையும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஒரு ரேமுக்குச் சிவப்பு மை ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் தம்பி குமார் குவைத்தில் இருக்கிறான். அவன் மனைவி மலர் கமுதிப் பக்கத்துப் பெண். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மலரை அழைத்துவர அவள் அப்பா முத்திருளப்பன் மாமா நல்ல நாள்கூடப் பார்த்து வைத்திருந்தார். ஆனால் அவளுக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டது, விமானத்தில் ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குழந்தை அங்கேயே பிறந்தது. பெண் குழந்தை, மாமாவுக்கு முதல் பேத்தி. மூன்று மாதமாகியும் அவர் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. தபாலில் போட்டோ வந்தது. வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “இதுல கண்ணு அசையலயே மாப்ள” என்றார்.

அசைய வைக்கிறேன் மாமா என்று நான் வாக்குக் கொடுத்தேன். எங்கள் தெருவுக்குப் பிராட்பேண்ட் வந்திருந்தது. கேமரா ஒன்றும் வாங்கியிருந்தேன். ஆனால் கணினி பழையது. அதன் நினைவகம் நூற்றிருபத்தெட்டு எம்.பி. வாங்கிய காலத்தில் அது பெரிய விஷயம். கேமராவைப் போட்டதும் அது மூச்சுத் திணறியது. முந்தின ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம் பார்த்தபோது குமார் வாயைத் திறந்தபடியே உறைந்து நின்றான். அவன் குரல் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. பிறகு குழந்தையைக் காட்டினார்கள். ஒரு பாதம் வந்தது. வந்த பாதம் அப்படியே நின்றுவிட்டது. நானும் என் மனைவி செல்வியும் அந்தப் பாதத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“காலு நல்லாருக்கு” என்றாள் செல்வி.

மாமாவை இவ்வளவு தூரம் வரவழைத்து ஒரு காலைக் காட்டி அனுப்ப முடியாது. நினைவகத்தை, அதாவது ரேமை, கூட்டினால் சரியாகும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ராமநாதபுரம் கடைகளில் கேட்டேன், இந்த மாடலுக்கு இப்போது வருவதில்லை என்றார்கள். கடைசியில் கீழக்கரையில் நெய்னா பாய் கடையில் கிடைத்தது. வளைகுடாவிலிருந்து வந்து இறங்கிய பழைய கணினிகளைப் பிரித்துப் போட்டு வைத்திருப்பவர் அவர். ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கைவிட்டுத் துழாவி, விரல் நீளத்தில் ஒரு பச்சை அட்டையை எடுத்தார். இருநூற்றைம்பத்தாறு எம்.பி. இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன். நாலு வயல் பத்திரத்தை வாங்குகிறவன்கூட அப்படி வாங்கியிருக்க மாட்டான்.

“ஒண்ணு கவனிச்சுக்கங்க சார்” என்றார் பாய். “நம்ம ஒடம்புலயே கரண்டு இருக்கும். நமக்குத் தெரியாது, இதுக்குத் தெரியும். சும்மா பொசுக்குன்னு செத்துரும். இரும்பத் தொட்டுட்டு அப்பறம் இதத் தொடுங்க. பயப்படாம அமுக்கி மாட்டுங்க. ஓடும், இன்ஷா அல்லா.”

ஒரு சாதாரண மனிதன் இதைக் கேட்டு, இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பான். நான் பேருந்தில் திரும்பி வரும்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு தடவை தொட்டால் அதுவரை சேர்ந்த மின்சாரம் போகும். தொட்டுவிட்டுக் கையை எடுத்த பிறகு சேர்வது? அப்படியானால் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வேலைக்கோ இரண்டு கையும் வேண்டும். கையை விட்டால் உடம்பில் எந்த இடம் சும்மா இருக்கிறது?

இடுப்பு.

இடுப்பில் எனக்கு வெள்ளி அரைஞாண் கொடி இருந்தது. சின்ன வயதிலிருந்து போட்டிருப்பது, வயிறு பெருக்கப் பெருக்க வளையம் சேர்த்துக்கொண்டே வந்தது. வெள்ளி மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்று எட்டாம் வகுப்பில் படித்திருக்கிறேன். பேருந்து ராமநாதபுரத்துக்குள் நுழையும்போது என் திட்டம் தயார். (அப்போது என் முகத்தில் ஒரு பெருமிதம் இருந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது.)

ஞாயிற்றுக்கிழமைக் காலை. மாமா வீட்டார் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகப் பேச்சு. சாயங்காலம் நான்கு மணிக்குக் குவைத்திலிருந்து அழைப்பு. காலையிலேயே வேலையை முடித்துவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நிற்பதாக என் ஏற்பாடு.

வாசலில் நிற்பது முக்கியம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வருகிறவரை அவர் படியேறும்போதே ‘வாங்க’ என்று கேட்க வேண்டும். வீட்டுக்கு மூத்தவர் கேட்க வேண்டும். ஒவ்வொருவரையும் முகம் பார்த்துத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கூட்டத்துக்குப் பொதுவாக ஒரு ‘வாங்க’ போட்டால் செல்லாது. அவர் ‘வாரேன்’ என்று சொன்ன பிறகுதான் வந்ததாகக் கணக்கு. முத்திருளப்பன் மாமா இந்த விஷயத்தில் மிகக் கறார். ஒரு காதுகுத்து வீட்டில் சொந்தப் பங்காளி தன்னை ‘வாங்க’ கேட்கவில்லை என்று பந்தியிலிருந்து எழுந்து வந்தவர். இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் பேருந்து போனால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். எங்கள் அய்யா காலமாகிவிட்டதால் எங்கள் வீட்டில் ‘வாங்க’ கேட்க வேண்டியவன் நான்.

வேலை தொடங்கியது. கணினிப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினேன். பெட்டியைக் கூடத்தின் நடுவில் வெள்ளைத் துண்டின் மேல் படுக்க வைத்தேன். டெரிலின் சட்டையில் மின்சாரம் சேரும் என்று கழற்றிப் போட்டேன், பருத்தி வேட்டி மட்டும். பெட்டியின் உட்புறத்தை அளவு மாறாமல் ஒரு தாளில் வரைந்து, வடதிசை அம்புக்குறியும் போட்டேன். (கணினிக்கு வடக்கு எதற்கு என்று செல்வி கேட்டாள். வரைபடம் என்றால் வடக்கு இருக்க வேண்டும் என்றேன்.) கழற்றிய திருகாணிகளை எந்த மூலையிலிருந்து வந்ததோ அந்த முறையில் இட்லித் தட்டின் குழிகளில் போட்டு வைத்தேன். அதைவிடப் பொருத்தமான பாத்திரம் உலகத்தில் கிடையாது.

பிறகு செம்புக் கம்பியை எடுத்தேன். ஒரு முனையை அரைஞாண் கொடியில் நெருக்கமாகச் சுற்றினேன். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நூல்கண்டு மாதிரி அழகாக அமைந்தன. மறுமுனையை ஜன்னல் கம்பியில் சுற்றினேன். நடுவில் கம்பி, நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கணினிக்குக் கை எட்டுகிற அளவுக்குத்தான் இருந்தது. கூடுதல் நீளம் எதற்கு, காலில் சிக்கும்.

செல்வி வந்து பார்த்தாள்.

“என்னங்க இது?”

“எர்த்.”

“யாரு, நீங்களா?”

அவளுக்கு விளக்குவதற்குள் அவள் கண் இட்லித் தட்டில் விழுந்துவிட்டது. மாவு பொங்கிக்கொண்டிருக்கிறது, தட்டைக் கொடுங்கள் என்றாள். திருகாணிகள் இருக்கின்றன என்றேன். இட்லிக்குத் தட்டா திருகாணிக்குத் தட்டா என்று கேட்டு, தட்டைத் தூக்கி ஒரு கிண்ணத்தில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். வடகிழக்குத் திருகாணியும் தென்மேற்குத் திருகாணியும் ஒன்றாகக் கலந்தன. என் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். அதன் பிறகு நான் எந்தப் பாத்திரத்தையும் நம்பவில்லை. அடுத்துக் கழற்றிய இரண்டு திருகாணிகளை உதட்டுக்குள் இடுக்கிக்கொண்டேன்.

ரேமை உறையிலிருந்து எடுத்தேன். அதன் ஓரத்தில் தங்க நிறப் பற்கள் மின்னின. இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கி, இடத்துக்கு நேராகக் கொண்டுபோனேன். என் வாழ்க்கையில் நான் தாலி கட்டிய நேரத்தில்கூட அவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

அப்போதுதான் வாசலில் வேன் சத்தம் கேட்டது.

மதியம் வர வேண்டியவர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். பேத்தியைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் மாமாவுக்கு இராத்திரி முழுக்கத் தூக்கமில்லையாம், விடிவதற்குள் எல்லோரையும் எழுப்பி வண்டியில் ஏற்றிவிட்டாராம். இது பிறகு அத்தை, அதாவது மாமாவின் மனைவி, சொல்லித் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசலில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் கரைத்துண்டோடு மாமா நிற்கிறார் என்பதுதான். அவருக்குப் பின்னால் ஒரு வேன் நிறைய உறவு.

மாமா ஒரு காலைப் படியில் வைத்து நின்றார். ‘வாங்க’வுக்காக நின்றார்.

என் கையில் ரேம் பாதி இறங்கியிருக்கிறது. விட்டால் சாய்ந்துவிடும். வாயில் இரண்டு திருகாணி. நான் தலையைத் திருப்பி, என்னால் முடிந்த மரியாதையை எல்லாம் திரட்டிச் சொன்னேன்:

“ம்ம்.”

மாமா என்னைப் பார்த்தார். சட்டையில்லாத உடம்பைப் பார்த்தார். இடுப்பிலிருந்து ஜன்னலுக்குப் போகிற கம்பியைப் பார்த்தார். படியிலிருந்த காலை எடுத்துக் கீழே வைத்தார். திரும்பிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

நான் திருகாணிகளைத் துப்பினேன். ரேமை விட்டேன். “மாமா” என்று கத்திக்கொண்டு எழுந்து வாசலை நோக்கிப் பாய்ந்தேன்.

வெள்ளி நல்ல வெள்ளி. செம்பு நல்ல செம்பு. ஜன்னல் என் அய்யா நின்று கட்டிய ஜன்னல். மூன்றில் ஒன்று கூட விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாவது அடியில் யாரோ இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தது மாதிரி இருந்தது. நான் போன வேகத்திலேயே திரும்பி வந்து கழற்றி வைத்திருந்த கணினியின் தகரக் கதவின் மேல் உட்கார்ந்தேன். அந்தச் சத்தம் தெருக்கோடி வரை கேட்டதாக அடுத்த வீட்டுக்காரர் சொன்னார். அரைஞாண் கொடியில் செருகியிருந்த வேட்டி மட்டும் என்னோடு திரும்பி வரவில்லை, வாசல் பக்கமே நின்றுவிட்டது. பட்டாபட்டி அண்டர்வேரோடு, உறவினர் அனைவரையும் பார்த்தபடி, நான் கட்டுத்தறியில் உட்கார்ந்திருந்தேன்.

அத்தை முதல் ஆளாக உள்ளே வந்தார். சுற்றிவர ஒரு பார்வை பார்த்தார். அடுப்படியிலிருந்து ஓடிவந்த செல்வியிடம் மெதுவாகக் கேட்டார்:

“ஏத்தா செல்வி, கட்டிப் போட்டிருக்கியே, முட்டுவாரா?”

கூட்டம் வெடித்தது. சிரித்துச் சிரித்து ஒரு சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். செல்வி வேட்டியை எடுத்து என் மேல் போட்டுவிட்டுக் கம்பியை அவிழ்க்க உட்கார்ந்தாள். நூல்கண்டு மாதிரி அமைந்த சுற்று என்று பெருமைப்பட்டேன் அல்லவா, அதை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அவள் பிரிக்கிற நேரம் முழுவதும் வந்தவர்கள் சுற்றி நின்று ஆலோசனை சொன்னார்கள்.

அவிழ்த்துவிட்டதும் வேனுக்கு ஓடினேன். அது எதிரே வேப்பமரத்தடியில் நின்றது. மாமா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். “வாங்க மாமா” என்றேன். “உள்ள வாங்க மாமா” என்றேன். பாய் சொன்னதிலிருந்து தொடங்கி மனித உடம்பின் மின்சாரம் பற்றி எனக்குத் தெரிந்த அனைத்தையும் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாஞ் சரி மாப்ள. ஆனா அத வந்த காலுக்குச் சொல்லணும். ஓடிப்போயிக் கூப்புடுறது வேற.”

மதியச் சாப்பாட்டுக்கும் அவர் இறங்கவில்லை. செல்வி இலையில் வைத்து அனுப்பினதைப் பசிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார். மே மாதத்து வெயிலில் வேன் கொதித்தது. ஓட்டுநரே இறங்கி எங்கள் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே படுத்துவிட்டார். நான் குடையைக் கொண்டுபோய் நீட்டினேன். “மொளகாக் காட்டுக்காரனுக்கு வெயிலு புதுசா?” என்று கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே அத்தை இரண்டாம் முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “அவரு அப்படித்தேன், நீங்க ரசத்தக் கொண்டுவாங்க” என்றார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று மாதமாகக் காத்திருந்த மனிதர், பேத்தியின் முகத்துக்கும் அவருக்கும் நடுவில் ஒரு தெருதான் இருக்கிறது, அதை நான் அடைத்துவிட்டேன். அவர் இன்று பார்க்காமல் போனால் எங்கள் தெரு வழியாகப் பேருந்து போகும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தக் கோபம் மலரோடும் போகாது, அவள் மகளோடும் போகாது.

குறைந்தபட்சம் கணினியாவது ஓட வேண்டும். பெட்டியின் முன் உட்கார்ந்து, பாதியில் விட்ட ரேமை மெதுவாக இடத்தில் வைத்தேன். இந்த முறை எர்த் கிடையாது. (செல்வி கம்பியை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டாள்.) மின்சாரம் கொடுத்தேன். திரை கறுப்பாக இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து ‘பீ’ என்று ஒரு நீண்ட ஓலம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. கூடத்தில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செத்துப்போச்சா என்று ஒருவர் கேட்டார். அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி ஓலம். மணி நான்கை நெருங்கிக்கொண்டிருந்தது.

பயப்படாமல் அமுக்கச் சொன்னாரே பாய். நான் அதை முட்டையை வைப்பது மாதிரி வைத்திருந்தேன். கணினியை அணைத்தேன். இரண்டு கட்டை விரலையும் ரேமின் முதுகில் வைத்தேன். காலையிலிருந்து எனக்கு நேர்ந்ததை எல்லாம் நினைத்துக்கொண்டு அமுக்கினேன். ‘டக்’ என்றது. இரண்டு பக்கமும் வெள்ளைக் கொக்கிகள் எழுந்து அதைக் கவ்விக்கொண்டன. அந்த ஒரு சத்தத்துக்கு ஈடாக எதையும் நான் கேட்டதில்லை.

பொத்தானை அழுத்தினேன். ஓலம் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் ஓட ஆரம்பித்தன. நினைவகத்தைக் கணினி தானே எண்ணிப் பார்க்கும் எண்கள் அவை. முன்பெல்லாம் ஒரு இலட்சத்து முப்பத்தோராயிரத்துச் சில்லறையோடு நின்றுவிடும். இப்போது அதைத் தாண்டியது. இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் உறவினர்களும் எழுந்து நின்றார்கள், எதற்கென்று தெரியாமலேயே. மூன்று இலட்சத்துத் தொண்ணூற்று மூவாயிரத்து இருநூற்றுப் பதினாறு. அங்கே வந்து நின்றது. நான் கைதட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

சொன்ன நேரத்துக்கு அழைப்பு வந்தது. குமார் தெரிந்தான். வாயை மூடினான், திறந்தான், அசைந்தான். பிறகு மலர் குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள். குழந்தை கொட்டாவி விட்டது. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை முழுக் கொட்டாவி, எங்கும் உறையவில்லை. கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தது. கூடத்தில் ஒரே கூச்சல். அத்தை சிரித்துக்கொண்டே அழுதார்.

மலர் எல்லா முகங்களையும் தேடினாள். “அம்மா, அப்பா எங்க?” என்றாள்.

அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார், “உங்கப்பா வேன்ல ஒக்காந்திருக்காரு.”

“வேன்லயா? காலு முடியலயா?”

காலெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, நான் திரைக்கு முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னேன். அரைஞாண் கொடி வரும் இடத்தில் குமார் நாற்காலியிலிருந்து கீழே சாய்ந்து திரையை விட்டு மறைந்தான். மலரும் சிரித்தாள். பிறகு கையால் வாயைப் பொத்திச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அப்பாவை அவளுக்குத் தெரியும்.

“அத்தான்,” என்றாள் கடைசியில். “அந்த ஸ்பீக்கர ஜன்னல்ல வைங்க. சத்தத்தக் கூட்டி வைங்க.”

இரண்டு ஒலிபெருக்கிகளையும் கம்பியோடு இழுத்து ஜன்னல் விளிம்பில் தெருவைப் பார்த்து வைத்தேன். சத்தத்தைக் கடைசி வரைக்கும் திருப்பினேன். திரையையும் முடிந்தவரை ஜன்னல் பக்கம் திருப்பினேன். எதிரே வேனில் மாமா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா.”

குவைத்திலிருந்து வந்த குரல் எங்கள் தெருவை நிறைத்தது. வேப்பமரத்துக் காக்கை ஒன்று பறந்தது. மாமா மேலே பார்த்தார், பின்னால் பார்த்தார்.

“அப்பா, வாங்கப்பா. வெயில்ல ஒக்காந்திருக்கீகளாமே. உள்ள வாங்க. உங்க பேத்தி முழிச்சிருக்கா, தூங்கிருவா. வாங்கப்பா.”

அக்கம்பக்கத்து வீடுகளில் கதவுகள் திறந்தன. மாமா வேனிலிருந்து இறங்கினார். துண்டை உதறித் தோளில் போட்டார். தெருவைக் கடந்து வந்து, காலையில் வைத்த அதே படியில் காலை வைத்து நின்றார். இந்த முறை நான் வாசலில், சட்டை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, வாயில் ஒன்றும் இல்லாமல் நின்றிருந்தேன்.

“வாங்க மாமா.”

“எம் மக கூப்புடுறா,” என்றார். “அதுனால வாரேன்.”

ஆனாலும் ‘வாரேன்’ என்றுதான் சொன்னார். எனக்கு அது போதும்.

கூட்டம் வழிவிட்டது. மாமா திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். குழந்தை அவர் பக்கம் திரும்பியது, கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது. அவரும் சிமிட்டினார். “அசையுது” என்றார், யாரிடமும் இல்லாமல். கன்னத்தைத் தொட்டுப் பார்க்கலாம் என்று விரலை நீட்டித் திரையில் வைத்தார். அது பழைய கண்ணாடித் திரை. ‘சடசட’வென்று பொரிந்தது. அவர் கையிலிருந்த உரோமம் எல்லாம் எழுந்து நின்றது. வெடுக்கென்று விரலை எடுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“மாப்ள, கரண்டு அடிக்குது.”

“ஆமா மாமா.”

விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “அப்ப நீங்க கட்டிக்கிட்டது சரிதேன்.”

அதற்குப் பிறகு சாப்பிட்டார். மதியத்துச் சோறு, காலை இட்லி, எதையும் விடவில்லை. அன்று இரவு எல்லோரும் எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். மறுநாள் ராமேசுவரம் போய்க் கடலாடிவிட்டுக் கமுதி திரும்புவதாக ஏற்பாடு.

அந்தக் கணினி பிறகு இரண்டு ஆண்டு ஓடியது. நான் கட்டப்பட்ட கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் சொந்தத்தில் யார் என் வீட்டுப் படியேறினாலும், நான் வாயைத் திறப்பதற்குள், “கட்டு அவுத்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்கள். திரையில் கொட்டாவி விட்ட குழந்தை இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவளும் அப்படித்தான் கேட்கிறாள். புதிதாகக் கல்யாணமாகி வருகிற மருமக்களுக்கு இதை முதல் விருந்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அத்தையின் கேள்வியை அத்தையின் குரலிலேயே சொல்லிக் காட்ட எங்கள் வீட்டில் போட்டி நடக்கிறது, செல்விதான் எப்போதும் ஜெயிப்பாள்.

மறுநாள், திங்கட்கிழமை, எல்லோருக்கும் முன்னால் எழுந்துவிட வேண்டும் என்று படுத்திருந்தேன். ஒவ்வொருவரும் கண் விழிக்கும்போது எதிரே நின்று முறைப்படி ஒரு ‘வாங்க’ சொல்லி, பாக்கியைத் தீர்த்துவிட நினைப்பு. இருட்டோடு எழுந்து கூடத்துக்கு வந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமா குளித்து, திருநீறு பூசி, கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்திருந்தார். குவைத்தில் இப்போது நடுச்சாமம், எல்லோரும் தூங்குவார்கள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

“வாங்க மாப்ள,” என்றார் அவர், என் முகத்தைப் பார்த்து, என் வீட்டில். “வாங்க, ஒக்காருங்க.”

“வாரேன் மாமா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அன்று காலை, நாட்காட்டித் தாளைக் கிழிப்பதற்கும் முன்னால், நான் முதலில் செய்தது அதுதான்.